நாற்பத்தோராம் நம்பர் மாப்பிள்ளை

டீ குடித்தாயிற்றா சார்? அப்படியானால் வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். இங்கேயே உட்கார்ந்து பேசினால் டீக்கடைக்காரருக்கு முகம் கோணும். காலை பத்து மணிக்கே வெயில் இப்படிக் கொளுத்துகிறது. குடையை விரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம், எனக்குப் பழக்கம்.

நீங்கள் அவரிடம்தான் முதலில் கேட்டீர்கள். "நாப்பத்தோராம் நம்பர் வீட்டுப் பையன் எப்படிங்க?" என்று. அவர் பாய்லரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கை காட்டிவிட்டார். "அதோ பெஞ்சுல இருக்காரே தணிகாசலம், அவரைக் கேளுங்க." நழுவுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மேஸ்திரி ரோட்டில் அதுதான் வழக்கம். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் தெருவில் விசாரிக்க யார் வந்தாலும், பால் பூத்தில் கேட்டாலும் சரி, ரேஷன் கடையில் கேட்டாலும் சரி, என்னிடம்தான் அனுப்புவார்கள்.

ஏன் தெரியுமா? எனக்குக் குழந்தை கிடையாது. பெண்ணைப் பெற்றவனிடம் போய் அடுத்த வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், நம் பெண்ணுக்கு இது வாய்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் பேசுவான். பையனைப் பெற்றவன், நாளைக்கு நம் வீட்டுக்கும் விசாரிக்க வருவார்களே என்று பயந்து பேசுவான். எனக்கு இரண்டும் இல்லை. இன்னொன்று, நான் பொய் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன். கேட்காததைச் சொல்லமாட்டேன். இப்படியே இந்தத் தெருவில் பதினோரு கல்யாணம் என் வாயால் கூடியிருக்கிறது. பதினொன்றிலும் எனக்கு முதல் பந்தியில் இலை.

இப்போது நான் இங்கே குடியில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாகச் செங்குன்றம் தாண்டி அக்காள் மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கே பகலில் நான் இருந்தால் அவர்களுக்கு இடைஞ்சல். காலையில் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவேன், வெயில் தாழ்ந்து திரும்புவேன். முப்பத்தேழு வருடம் இருந்த தெரு சார். எந்த வீட்டில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நீங்கள் குடியாத்தத்திலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் பெண் தமயந்தியை அந்த வீட்டில் கொடுக்கலாமா, கூடாதா? அதுதானே? சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு பதில் சொல்ல வேண்டும். கவலைப்படாதீர்கள். வீடு தெருவின் அந்தக் கோடியில். போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

பார்த்து வாருங்கள், அங்கே சாக்கடை மூடி சரியில்லை.

விசாரிக்க வருகிறவர்கள் எல்லோருமே மூன்று கேள்விதான் கேட்பார்கள். நீங்களும் அந்த மூன்றைத்தான் கேட்டீர்கள். குடிக்கிறானா? வேறு சகவாசம் உண்டா? ஒழுங்காகத் தொழிலைப் பார்க்கிறானா? சொல்கிறேன். சுதாகர் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான். குடிக்கிறவன் பக்கத்தில்கூட நிற்கமாட்டான். பெண்கள் விஷயத்தில் சுத்தம். தெருவில் ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்தான் என்று ஒருவர் சொல்லட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். தொழில் என்றால், அதோ அந்தப் பச்சை போர்டு, எலக்ட்ரிக்கல் கடை. அவனுடையதுதான். அப்பா வைத்துவிட்டுப் போனபோது பல்பும் ஒயரும் விற்ற கடை. இப்போது கேமரா விற்கிறான். இன்றைக்கு ஷட்டர் இறங்கியிருப்பது உங்களுக்காக. வீட்டில் காத்திருக்கிறான்.

மேலே பாருங்கள், அந்தக் கம்பத்தில் வெள்ளையாக ஒன்று தெரிகிறதா? சுதாகர் வைத்த கேமரா. தெரு முழுக்கப் பதினான்கு வைத்திருக்கிறான், தன் செலவில். முன்பெல்லாம் இங்கே பைக் திருடு போகும், செயினை அறுப்பார்கள். இப்போது ஒரு குருவி பறந்தால்கூட அவன் செல்போனில் தெரியும். அப்படி ஒரு பொறுப்பு.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான்.

"சொல்லு சுதாகர்... ஆமாம்ப்பா, கூடத்தான் வரார்... ஆமாம், குடியாத்தம்காரர்தான். வந்துட்டே இருக்கோம்."

"யாரு மாமா கூட, குடை பிடிச்சுக்கிட்டு?" என்று கேட்கிறான். பார்த்தீர்களா? நாம் ரேஷன் கடையைத் தாண்டவில்லை, அதற்குள் பார்த்துவிட்டான். அவன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

இரண்டாம் தாரம் என்பது உங்களுக்குத் தெரிந்துதானே வந்திருக்கிறீர்கள். முதல் பெண் இந்துமதி. செய்யாறு பக்கம். அவள் அப்பா கிராமத்துப் போஸ்ட் மாஸ்டர். உங்களை மாதிரியே மெலிந்த ஆள். பத்து வருடத்துக்கு முன்னால் இதே டீக்கடையில் வந்து இறங்கினார். அன்றைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அந்த மூன்றைத்தான் கேட்டார். மூன்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னேன். "தங்கமான பையன்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க வார்த்தையை நம்பித்தாங்க குடுக்கறேன்" என்றார். அப்படி நம்புகிறார்கள் சார் என்னை.

இந்தச் சுவர் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். சுதாகருடைய தங்கை வாசுகி இங்கேதான் படித்தாள். இப்போது கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள், அதனால் நாத்தனார் தொல்லை இருக்காது, அதுவும் உங்களுக்கு நல்லது. இந்தப் பக்கமே வருவதில்லை. நான் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, பழைய மர்பி செட்டைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றது. வாசுகி சின்ன வயதில் ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவாள், "மாமா, பாட்டு கரகரங்குது" என்று. பதினைந்து வயதில் பார்த்தால் இடது காதில் மட்டும் வைத்துக் கேட்கிறாள். வலது காதில் வைத்தால் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறவியிலேயே அப்படி என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். பிறவியில் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். அண்ணன் தங்கைச் சண்டை. ரிமோட்டுக்காக என்று கேள்வி. எந்த வீட்டில் இல்லை?

போஸ்ட் மாஸ்டரிடம் இதைச் சொன்னீர்களா என்கிறீர்களா? அவர் கேட்கவில்லையே சார். மாப்பிள்ளையின் தங்கைக்குக் காது கேட்குமா என்று யார் கேட்பார்கள்? நாமாகப் போய் ஒன்றைச் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்தினால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கு என்பார்கள். இளரத்தம், துள்ளுவான். ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவன் அம்மாவே அப்படித்தான் சொன்னாள்.

இது பிலோமினா தையல் கடை. பேசாமல் தாண்டிவிடுவோம், வாருங்கள். ஆ, பார்த்துவிட்டாள்.

"இன்னா தணிகாசலம், அடுத்த ஆளா?"

"வயசுக்கு ஒரு மரியாதை குடும்மா."

"நீ வாங்கின மரியாதை எல்லாம் போதும்பா. சார், இங்க வா சார். பொண்ணுக்கு இன்னா வயசு?"

"முப்பத்தொண்ணுங்க."

"அம்பது ஆனாலும் வூட்லயே வெச்சிக்கோ. உன் சோத்தைத்தானே துன்னுது? துன்னட்டும்."

"பிலோமினா, உனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"எனக்கு எதுக்கா? நான் அளவு எடுத்தவ. இந்தக் கையால அளவு எடுத்தவ. சார், இவரு இன்னா சொல்றாரோ அதைக் கேட்டுக்கோ. அப்பால இவரு இன்னா சொல்லலையோ அதையும் கேட்டுக்கோ."

வாருங்கள், வாருங்கள். அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள், இனி பேசமாட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் சார். ஒரு வீட்டில் விளக்கெரிந்தால் பொறுக்காது. அளவு எடுத்தேன் என்றாளே, அது ஒன்றுமில்லை. இந்துமதி இவளிடம்தான் ஜாக்கெட் தைப்பாள். கல்யாணமாகி வந்தபோது அரைக் கை வைத்துத் தைத்தாள். நான்கு மாதத்தில் முழங்கை வரை. அடுத்த சித்திரையில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்து, கழுத்தை மூடித் தைக்கச் சொன்னாள். அக்னி நட்சத்திரம் சார், ரோட்டில் தார் உருகுகிறது! அந்த வெயிலில் முழுக் கை. அவ்வளவு அடக்கமான பெண். இந்தக் காலத்தில் எந்தப் பெண் அப்படி உடுத்துகிறாள்? பிலோமினா அளவு எடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்காரி நாகரத்தினத்திடம் வந்து காதைக் கடிப்பாள். தோளில் பார்த்தேன், முதுகில் பார்த்தேன் என்று. பெண்கள் சேர்ந்தால் பேச்சுக்கா பஞ்சம்.

மறுபடியும் போன்.

"ஆமாம்ப்பா... இல்லை, அவளாத்தான் கூப்பிட்டா... ஒண்ணும் சொல்லலை. சும்மா, பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டா... சரி. சரிப்பா. இதோ."

"தையல் கடை முன்னாடி எதுக்கு நின்னீங்க?" என்கிறான். ஒன்றுமில்லை, அவனுக்கு ஆர்வம். மாப்பிள்ளை இல்லையா.

இடது பக்கம் இருக்கிறதே, அதுதான் கல்யாண மண்டபம். போஸ்ட் மாஸ்டர் குறையில்லாமல் செய்தார். ஐந்து வகைக் கூட்டு, இரண்டு பாயசம். எனக்கும் நாகரத்தினத்துக்கும் தனியாகப் பட்டும் வேட்டியும் வைத்துக் கொடுத்தார். அந்தப் புடவையை நாகரத்தினம் ஒரு தடவைகூடக் கட்டவில்லை. அப்புறம் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

நாங்கள் இருந்தது நாற்பத்து மூன்றாம் நம்பர். நாற்பத்தொன்றுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆமாம் சார், நாற்பத்திரண்டு எதிர்வரிசை. அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் குடும்பத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? புதுப் பெண் வந்த வீடு, கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஒரு பாத்திரம் விழும். நாற்காலி விழும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பழக்கம், ரிப்பேருக்கு வந்த செட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து டெஸ்ட் பண்ணுவேன். ஸ்பீக்கர் அதிர்கிறதா என்று பார்க்கச் சத்தமாகத்தான் வைக்க வேண்டும். நாகரத்தினம் வந்து குறைத்துவிட்டுப் போவாள். நான் கூட்டுவேன். "காதைப் பொத்திக்கறதுக்கு உங்களுக்கு ரெண்டு கை போதலை" என்பாள். அவளுக்கு வேலை நுணுக்கம் தெரியாது.

என்ன சார் திடீரென்று நின்றுவிட்டீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

காய்ச்சலா? இந்துமதி காய்ச்சலில் போய்விட்டாள் என்று யார் சொன்னது? புரோக்கரா? சரிதான். புரோக்கர்கள் அப்படித்தான், மங்கள காரியத்தில் எதற்கு என்று மாற்றிச் சொல்லியிருப்பான். நான் பொய் சொல்லமாட்டேன். காய்ச்சல் இல்லை. மாடியிலிருந்து விழுந்துவிட்டாள்.

கல்யாணமாகிப் பதினான்காவது மாதம். பகல், பதினொரு மணி இருக்கும். துணி காயப்போட மாடிக்குப் போனாள். விழுந்தாள். பின்பக்கம் சந்தில், துவைக்கிற கல்லின்மேல். அவ்வளவுதான் சார். விதி. தலை சுற்றியிருக்கும் என்றார்கள். சாப்பிடாமல் இருப்பாள் என்று அவள் மாமியார் சொன்னாள்.

சுவர் இல்லையா என்றால், இருந்தது. கைப்பிடிச் சுவர் உண்டு. இதோ, என் இடுப்புக்கு மேலே இவ்வளவு உயரம். அவள் என் தோளுக்குக் கீழே இருப்பாள். உங்கள் பெண் உயரமா? அது நல்லது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் விசாரிக்க வேண்டும் என்று சட்டம். மரியாதையான மனிதர். எங்கள் வீட்டுக்கும் வந்து உட்கார்ந்தார். தெருவில் யாரைக் கேட்டாலும், "தணிகாசலத்தைக் கேளுங்க" என்றிருக்கிறார்கள். "நீங்க பாத்தீங்களா?" என்றார். நான் வேலை மேஜையில் இருந்தேன், நான் பார்க்கவில்லை. அப்படியே சொன்னேன். "உங்க வீட்டம்மா?" என்றார். நாகரத்தினம் அந்த நேரத்தில் எங்கள் மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளேயிருந்து வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்: "அவளுக்குக் கண்ணில் புரை சார்." அதுவும் உண்மைதான். இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஆபரேஷன் ஆகிப் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணாடியோடு. அதை அவர் கவனித்திருக்கலாம்.

போஸ்ட் மாஸ்டர் மறுநாள் இந்தத் தெருவில் நின்றார். அதோ, அந்த விளக்குக் கம்பத்தடியில். அழவில்லை. என் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியில் வரவில்லை. துக்க வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். மகள் போன துக்கத்தில் என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை பாவம்.

அதற்கப்புறம் நாகரத்தினம் நான்கு வருடம் இருந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. சர்க்கரை வந்தால் அப்படித்தான் ஆகுமாம், மருந்துக் கடைக்காரர் சொன்னார். சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். "இந்தாங்க" என்று ஒரு வார்த்தை வராது. நான்கு வருடம் சார். ரேடியோ பாடும், நான் சாப்பிடுவேன். பிலோமினா வந்தால் மட்டும் பேச்சுச் சத்தம் கேட்கும். நான் போனால் நின்றுவிடும். சர்க்கரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு போலிருக்கிறது.

இதோ, இந்தக் காலி மனைதான் நாற்பத்து மூன்று. எங்கள் வீடு. என் வேலை மேஜை இங்கே இருந்தது, அந்த ஆமணக்குச் செடி முளைத்திருக்கிற இடத்தில். நாகரத்தினம் போன பிறகு வீட்டின் சொந்தக்காரர் சுதாகரிடம் விற்றுவிட்டார். அவன் இடித்துப்போட்டான். கட்டப்போகிறான். ஆனால் மனிதத்தன்மை உள்ளவன் சார். தன் வீட்டு மாடியில் ஒற்றை அறை ஒன்று போட்டிருக்கிறான், அஸ்பெஸ்டாஸ் கூரை, நல்ல காற்று வரும். "இந்தக் கல்யாணம் நல்லபடியா முடியட்டும் மாமா, சாவி உங்ககிட்டதான்" என்று சொல்லியிருக்கிறான். அதற்காக நான் உங்களிடம் நல்லது சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. எனக்கு இந்தத் தெருவில் ஒரு கட்டில் போட இடம் கிடைத்தால் போதும். செங்குன்றத்தில் செத்தால் தூக்கிப் போக நான்கு பேர் வருவார்களா என்பது சந்தேகம்.

ஆமாம், அந்த மாடிதான். இருப்பது ஒரு மாடிதானே?

அதுதான் வீடு. நீல கேட். மாவிலை கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், உங்களுக்காக. மாடியில் நிற்கிறானே, வெள்ளைச் சட்டை, அவன்தான் சுதாகர். முப்பத்தெட்டு வயது என்று சொல்ல முடியுமா? கையை ஆட்டுகிறான். நீங்களும் ஆட்டுங்கள். ஏன் சார் குடையை மடக்குகிறீர்கள்? வெயில் தலைக்குமேல் நிற்கிறது.

கேளுங்கள், என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். உள்ளே போவதற்கு முன்னால் தெளிவாகிவிட வேண்டும்.

நாகரத்தினம் என்ன சொன்னாள் என்றா?

அதை எதற்குக் கேட்கிறீர்கள்?

இல்லை சார், கோபம் இல்லை. இதை யாரும் கேட்டதில்லை. அந்த அதிகாரி கேட்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் கம்பத்தடியில் நின்றாரே, அவரும் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக ஒருவர் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறீர்கள், வேண்டாமே. செத்துப்போன கிழவி, அவள் பார்த்தது ஒன்று, சொன்னது ஒன்று... ஆனால் கேட்டுவிட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையெல்லாம் மிளகாய். அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள், எரிச்சல்கூடத் தெரியவில்லை. "தூக்கிப் போட்டாங்க" என்றாள். "குழந்தையத் தூக்கற மாதிரி இடுப்பப் பிடிச்சுத் தூக்கி அந்தாண்ட போட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். ஒரே தடவைதான் சொன்னாள். நான், "உனக்குக் கண் சரியில்லை" என்றேன். அதற்கப்புறம் சொல்லவில்லை.

யார் போட்டார்கள் என்றா கேட்கிறீர்கள்? இந்துமதி புருஷனை நாகரத்தினம் மரியாதையாகத்தான் சொல்வாள் சார், சுதாகரை. அவன் இவன் என்று யாரையும் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு.

ஆனால் அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது. வெயில், புதுக் கண்ணாடி, ஆபரேஷன் ஆன கண் கூசும். சார்? எங்கே போகிறீர்கள்? வீடு இந்தப் பக்கம். சார், உள்ளே காபி போட்டிருப்பார்கள். அவன் அம்மா கேசரி கிளறியிருக்கிறாள், காலையிலேயே சொன்னார்கள். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய்க் கடிதம் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம், அதுதானே முறை? வாசல்வரை வந்துவிட்டு இப்படித் திரும்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நான் கெட்டதாக என்ன சொன்னேன்? நல்லதுதானே சொன்னேன்? குடிக்கமாட்டான் என்று சொன்னேன். தொழிலைச் சொன்னேன். தெருவைக் கேளுங்கள், நான் யாரைப் பற்றியாவது ஒரு கெட்ட வார்த்தை...

போன் அடிக்கிறது. நான் எடுக்கவில்லை. அடிக்கட்டும்.

சார், மாடியில் அவனைக் காணவில்லை. இறங்கிவிட்டான். அவன் கேட்பான் சார். "என்ன மாமா, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று என்னைத்தான் கேட்பான். கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீங்கள் சும்மா இரண்டு நிமிஷம் நில்லுங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்டைத் திறந்துவிட்டான். சிரித்துக்கொண்டுதான் வருகிறான். அவன் கத்தமாட்டான் சார், ஒரு நாளும் அவன் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டதில்லை. அவள் குரல்தான் கேட்கும்.

மெதுவாகப் போங்கள், எனக்கு மூச்சு வாங்குகிறது. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வருகிறேன், உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேனே. கூட ஓர் ஆள் நின்றால் அவன் ஒன்றும் செய்யமாட்டான். எனக்குத் தெரியும் சார். நாகரத்தினம் எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டிய நாளெல்லாம் சத்தம் அப்படியே நின்றுவிடும். சும்மா தட்டுவாள், "ஒரு கை உப்பு குடுடி இந்து" என்பாள், நின்றுவிடும். நான்தான் போகாதே என்று சொன்னேன்.

ஓர் ஆள் போதும். நில்லுங்கள் சார்.